சுண்ணாம்பு மட்டை

சபையார் கூடி விருந்துண்ணும் அசனப் பண்டிகைக்காக, ஏணியில் நின்று நார் மட்டையால் வேதக்கோயில் சுவரை வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள் செல்லக்கனி. போன வாரம் ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்ததை, கீழே ஏணியைப் பிடித்து நின்ற உபதேசியார் வேதமுத்துவிடம் கேட்டே விட்டாள்.

“எங்கப்பாவுக்கு ஒருத்தரும் வேதம் சொன்னதில்லய்யா. அப்படியே செத்துட்டாரு. இப்ப எங்க இருப்பாரு?”

“நரகத்துலதாம்மா,” என்றார் அவர், கொஞ்சமும் தயங்காமல். “யாரும் சொல்லாட்டி என்ன? வானத்தப் பாத்தாலே கர்த்தர் இருக்காருன்னு தெரியுமே. எனக்குத் தெரியாதுன்னு எவனும் சாக்குச் சொல்ல முடியாது.”

செல்லக்கனியின் கை நின்றது. அப்பா தவழ்ந்த வயதில், இதே சுவருக்கு நீற்றிய சுண்ணாம்பு கொதித்துத் தெறித்துத்தான் அவருடைய இரண்டு கண்ணும் வெந்துபோயின. வெயில் எந்தக் கன்னத்தில் சுடுகிறது என்பதை வைத்துத்தான் சாகும்வரை வீட்டுக்கு வழி கண்டுபிடித்தார். பெற்ற மகள் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

அவள் மட்டையைச் சட்டியில் முழுக்க முக்கி எடுத்தாள். வடியவிடாமல் உபதேசியார் தலைக்கு நேராக நீட்டினாள். வேதமுத்துவின் இரண்டு கையும் ஏணியில் இருந்தன.

“கண்ண மூடாதீங்கய்யா,” என்றாள். “அண்ணாந்து வானத்தப் பாத்து, இன்னொரு தடவ சொல்லுங்க.”