இருபத்திரெண்டு மார்க்கு

"எவ்வளவு சிஸ்டர்?"

கவுண்டருக்குள்ள தலையை விட்டு எட்டிப் பார்த்தாரு பஸ் கண்டக்டர்.

நர்ஸுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மூக்கு நுனியில கோவத்தைக் குடி வச்சிருக்கிற ரகம் அவ. இந்த மனநல ஆஸ்பத்திரிக்கு மாறி வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. அதுக்குள்ள இந்த மனுஷனைக் கண்டாலே ஆகாது.

"பொறுங்க, கூட்டிட்டுத்தானே இருக்கேன்!"

டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் குடுப்பாங்க. தூக்கம் வருதா, சோறு இறங்குதா, செத்துடலாம்னு தோணுதான்னு ஒன்பது கேள்வி. இல்லவே இல்லைன்னா சைபர். தினமும் இருக்குன்னா மூணு. கூட்டுத்தொகை ஏற ஏற நோய் முத்துதுன்னு அர்த்தம்.

கண்டக்டர் சம்சாரம் தாளை நீட்டிட்டு, கைப்பை வாரை முறுக்கிக்கிட்டு ஓரமா உக்காந்திருந்தாங்க.

"இருபத்திரெண்டு."

"அடி சக்கை! போன தடவை பத்தொன்பது, இப்ப இருபத்திரெண்டா! மகாராணி, கலக்கிட்ட போ!"

வாயாலேயே விசில் ஊதினாரு. "உள்ள போ, உள்ள போ! படியில நிக்காத! ஃபர்ஸ்ட் ரேங்க் வண்டி கெளம்புது, ரைட் ரைட்!"

காத்திருந்தவங்க எல்லாம் சிரிச்சுட்டாங்க.

"சும்மா இருங்க, எல்லாரும் பாக்குறாங்க"ன்னு முணுமுணுத்தாங்க அந்தம்மா. ஆனா உதட்டோரம் லேசா அசைஞ்சுச்சு.

உள்ளேருந்து டாக்டர் செருமினாரு. அதே மாதிரி கண்டக்டரும் செருமி, "அடுத்து... ம்ம்... வரலாம்"னு அச்சு அசலா டாக்டர் குரல்ல சொன்னாரு. அந்தம்மா எந்திரிச்சு உள்ள போனாங்க. கதவு மூடுச்சு.

நர்ஸ் பேனாவை டொக்குன்னு வச்சா.

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா?"

"எங்க டிப்போவுலயும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க சிஸ்டர்."

"விளையாடாதீங்க!" குரலை அடக்கிக்கிட்டு சீறினா. "இது என்ன ஸ்கூல் பரீட்சையா? நம்பர் ஏறினா மோசமாகுதுன்னு அர்த்தம். கடைசிக் கேள்விக்கு என்ன போட்டிருக்காங்க தெரியுமா? மூணு! பொண்டாட்டி செத்துடலாம்னு இருக்குன்னு எழுதிக் குடுக்குறா, புருஷன் விசில் அடிக்கிறீங்க! அவங்க வெளிய வரட்டும். ரெண்டு பேரையும் உக்கார வச்சு நானே வெளக்கிச் சொல்றேன்."

கண்டக்டர் மூஞ்சியில இருந்த சிரிப்பு அப்படியே கழண்டு விழுந்துச்சு. மூடின கதவை ஒருதரம் திரும்பிப் பார்த்தாரு. ரெண்டு கையையும் கவுண்டர் மேல ஊனிக்கிட்டாரு.

"வேண்டாம் சிஸ்டர். உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட சொல்லிடாதீங்க."

"எதை?"

"எனக்கு இதெல்லாம் தெரியும்ங்கிறதை."

நர்ஸுக்கு ஒண்ணும் புரியலை.

"ஆரம்பத்துல தாள் பூரா சைபராப் போட்டுக் குடுத்தா. நான் எட்டிப் பார்ப்பேன், பார்த்தா உடைஞ்சு போயிடுவேன்னு பயம் அவளுக்கு. டாக்டரும் தேறிடுச்சுன்னாரு. நான் பூரிச்சுப்போயி டிப்போ முழுக்க டீ வாங்கிக் குடுத்தேன். அந்த வாரமே அவளைத் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுனேன். உசுரு மட்டும்தான் மிச்சம்."

கதவை இன்னொரு தரம் பார்த்துக்கிட்டு, குரலைத் தாழ்த்தினாரு.

"பொழைச்சு வந்ததும் மறுபடி இதே தாளு. பேனாவை வச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டு இருந்தா. மறுபடி சைபர்தான் போடப் போறான்னு தெரிஞ்சுபோச்சு. சட்டுனு சொன்னேன், 'நல்லா மார்க்கு வாங்கு மகாராணி, பெரிய நம்பர் வந்தாத்தான் பாஸு'ன்னு. இந்த மரமண்டைக்கு இது என்னன்னே புரியலைன்னு நெனச்சுட்டா போல. அன்னைக்குத்தான் மொத மொதலா மூணு மூணாப் போட்டா. அதைப் பார்த்துத்தான் டாக்டரே மருந்தை மாத்துனாரு."

உள்ள நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

கண்டக்டர் அவசர அவசரமா கண்ணைத் தொடச்சாரு. சிரிப்பை இழுத்து மூஞ்சியில மாட்டிக்கிட்டாரு.

"நான் மடையனா இருக்கிற வரைக்கும்தான் சிஸ்டர், அவ உண்மையை எழுதுவா."