வேப்பிலை கட்டிய படலை

வாசல் படலையில், அம்மை நோய்க்கு அடையாளமாகக் கட்டும் வேப்பிலைக் கொத்தைக் கண்டதும் சின்னத்தங்கம் அப்படியே நின்றுவிட்டாள். தம்பியின் மகள் கீர்த்திகாவைப் பார்க்கவென்று, சண்டிலிப்பாயிலிருந்து கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தோடு புத்தூருக்கு வந்திருந்தாள்.

"எடி கலா! ஆருக்கடி அம்மாள் வருத்தம்?"

தம்பி மனைவி உதயகலா முற்றத்தில் நின்றபடியே கையை ஆட்டினாள். "வேப்பிலை கட்டியிருக்கெல்லே மச்சாள். உள்ளுக்கை வராதேங்கோ."

"ஐயோ, என்ரை மருமகளுக்கோ?"

உதயகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிறுநீரக வருத்தத்தால் முகமெல்லாம் வீங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்து இப்போதுதான் வீடு வந்த பிள்ளை. சின்னச் சளி, தடிமன் தொற்றினாலும் வருத்தம் திரும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அதை மட்டும் சின்னத்தங்கம் நம்பவில்லை. "தடிமனுக்கும் சிறுநீரகத்துக்கும் என்னடி சம்பந்தம்?" என்று போன முறை சிரித்தபடி, தன் ஒழுகிய மூக்கைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினாள். அடுத்த கிழமையே பிள்ளை மறுபடி ஆஸ்பத்திரியில். எல்லாம் கெட்ட காலம் என்றுதான் அவள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

"உந்த உடம்பு அம்மாள் வருத்தத்தைத் தாங்குமோ? டொக்டரிட்டைக் காட்டினியே?" கேட்கும்போதே இருமல் வந்து குலுக்கியது. கண்ணும் கலங்கிவிட்டது.

"ஓம் மச்சாள். ஆக்கள் கிட்ட வராட்டிக் காணும், சுகமாயிருப்பா எண்டவர்."

குசினிப் பக்கமிருந்து மீன் பொரிக்கிற வாசம் கமகமத்தது. அம்மாள் வந்த வீட்டில் எண்ணெய்ச்சட்டி அடுப்பேறாதே! அயல் வீடாக்கும் என்று சின்னத்தங்கம் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாம்பழப் பையைப் படலையில் கொழுவினாள். பிள்ளைக்குச் சுகமானால் பொங்கல் வைக்கிறேன் என்று அம்மாளுக்கு நேர்ந்தபடி இருமி இருமி நடந்தாள். பாவம், நல்ல மனுசிதான். வருத்தத்தையும் கையோடு கொண்டு திரிகிறவள், அவ்வளவுதான்.

ஒழுங்கை முடக்கில் திரும்பும்போதுதான் குடையை வேலியில் சாத்தியது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து அதை எடுக்கக் கை நீட்டியபோது, வேலிக்கு அந்தப் பக்கம் கீர்த்திகாவின் குரல் கணீரென்று கேட்டது.

"அம்மா, மாமி போயிட்டா! வேப்பிலையைக் கழட்டட்டோ?"

"கழட்டாதை பிள்ளை. பின்னேரம் சுன்னாகத்து மாமா வாறார், அவருக்கும் தடிமனாம்!"