துடைத்த வீடு

ஜெபக்கூட்டத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. ரோஸ்லெட்டின் வீட்டில் நடக்கப்போகும் முதல் கூட்டம். தரையை மூன்று முறை துடைத்து, சினிமாக் காலண்டரைக் கழற்றிவிட்டு வேத வசனக் காலண்டரை மாட்டியிருந்தாள்.

“இனி ஆண்டவர் வர்றதுதான் பாக்கி,” என்று சிரித்தான் கணவன் செல்வின்.

“வீடு இன்னும் சுத்தமாகலங்க.”

துணியை அப்படியே போட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஓரகத்தி பியூலா கதவைத் திறந்தாள்.

“ஸ்தோத்திரம்க்கா.”

“ஸ்தோத்திரம். என்னட்டி, இப்படி மூச்சு வாங்குது? பாய் பத்தலையா?”

“இல்லக்கா. இதச் சொல்லாம என் வீட்டுல ஒரு பாட்டுகூட எடுக்க முடியாது.” கண்களை இறுக மூடிக்கொண்டாள். “போன மாசம் உங்க ஜெபக்கூட்டத்தக் கலைச்ச மழை, நான் முழங்கால்ல நின்னு கேட்டு வாங்குன மழைக்கா.”