என் கேரட்டும் அவன் பன்றிக்கறியும்

டென்மார்க்கின் பன்றிகளில் பாதியை என் கணவன் பிரேபென்தான் தின்று தீர்த்தான். மீதி, அவன் சுருட்டுப் புகையில் மூச்சுத் திணறிக் கிடந்தது. நானோ முயல்களே பொறாமைப்படும் அளவுக்குக் கேரட் தின்பவள்.

குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அரசாங்கம் அனுப்பும் குழாய்கள் எங்கள் இருவருக்கும் ஒன்றாகத் தபாலில் வந்தன. என் மல மாதிரியை எடுத்து அவனிடம் கொடுத்தேன். இரண்டு குழாய்களிலும் பேர்ச்சீட்டு ஒட்டித் தபாலில் சேர்க்கும் வேலையை, அதிசயமாக, அவனே செய்தான்.

முடிவுகள் கைபேசிக்கு வந்தன. எனக்கு ஒன்றுமில்லை. அவன் மாதிரியில் ரத்தம் இருக்கிறதாம். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தொண்டை கிழியக் கத்தினேனே, கேட்டியா? பன்றிக்கறி, பீரு, சுருட்டு. இப்ப என் குடலைப் பாரு, கண்ணாடி மாதிரி இருக்கு."

பிரேபென் நிமிரவில்லை. "ஆஸ்பத்திரிக்கு நீயும் வா, விபேக்கெ."

"ஏன், கையைப் பிடிச்சுக்கணுமா?"

"இல்ல. அவங்க பார்க்க வேண்டியது உன்னைத்தான்."

"என்ன உளர்றே?"

"எனக்கு எப்படியும் கெட்ட சேதிதான் வரும்னு பயந்துட்டேன். அதான் ரெண்டு பேர்ச்சீட்டையும் மாத்தி ஒட்டினேன். உன்னுதுல எதுவும் இருக்காதுன்னு அவ்வளவு நம்பிக்கை எனக்கு."