என் உயரத்து ஆள்

பெட்டி ஏறிவிட்டது. அதில் ஆள் கொள்ளுமா என்பதுதான் இப்போது கேள்வி.

ஸ்ரீ கெம்பாங்கான் பட்டறையில், பின்கதவு தூக்கிய சவ வண்டியான ஸ்டேஷன் வேகனைச் சுற்றி பிரிக்பீல்ட்ஸ் ஈமச்சடங்கு உதவிச் சங்கத்தின் செயற்குழு நின்றுகொண்டிருந்தது. முன்னிருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே, விருந்துக்கு வந்த மாமனாரைப் போல, நகரும் உத்தேசமே இல்லாமல் புது கேஸ் டேங்க் படுத்திருந்தது.

பழைய டேங்க் சின்னது. போன மாதம் கிள்ளான் சாலையில் பாதி வழியில் கேஸ் தீர்ந்துபோய், சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் தம் இறுதிப் பயணத்தைச் சொந்தக்காரர்கள் தள்ளத் தள்ள முடித்தார். பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் சிக்கனம் கருதி அந்த வண்டிக்குப் பெட்ரோல் ஊற்றுவதைச் சங்கம் எப்போதோ நிறுத்தியிருந்தது.

மறுநாளே தலைவர் முத்துக்கருப்பன் சூளுரைத்தார்: இனி நம் உறுப்பினர் எவரும் நடுவழியில் நிற்க மாட்டார். பத்திரிகையில் படத்தோடு வந்தது.

பெரிய டேங்க் வந்ததில் பெட்டிக்கு இடம் சுருங்கியது. தலைவர் அசரவில்லை. பெட்டியையே சுருக்கச் சொல்லிவிட்டார்.

செயலாளர் காசிவிஸ்வநாதனுக்கு அதுதான் பிடி. ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டம். தலைவர் பதவிக்கு அவரும் நிற்கிறார். பெட்டியில் ஆள் கொள்ளாது என்று காட்டிவிட்டால் போதும், டேங்கோடு தலைவரையும் சேர்த்துக் கழற்றிவிடலாம்.

“இதுல காலை மடக்கித்தான் போகணும், தலைவரே.”

“என் உயரத்து ஆள் தாராளமாப் படுக்கலாம்யா.”

“அப்ப யாராச்சும் படுத்துக் காட்டட்டும்.”

செயற்குழு ஒட்டுமொத்தமாக டேங்கைப் பார்த்தது. ஒருவருக்கு இடுப்புவலி. ஒருவருக்கு அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மகளிர் பிரிவு இராஜம்மா, யாரும் கேட்பதற்கு முன்பே, முடியாது என்று தலையாட்டி வைத்தார்.

முத்துக்கருப்பன் கோட்டைக் கழற்றினார். மூடநம்பிக்கையைச் சாடி அவர் பேசாத மேடை கிடையாது. உயரமான மனிதர் வேறு. போன தேர்தல் வேட்புமனுவில், யாரும் கேட்காமலே, ‘ஐந்தடி ஒன்பது அங்குலம்’ என்று எழுதிக் கொடுத்தவர். ஆனாலும் பணிவானவர் என்று பெயர். எந்தச் சாவு வீட்டிலும் உள்ளே நுழைய மாட்டார். வாசல் கேட்டருகே நின்றபடியே இரங்கலுரை ஆற்றிவிட்டுப் போய்விடுவார். பத்துமலைக்குப் போனாலும் அடிவாரத்தோடு சரி.

பெட்டிக்குள் கொள்வோம் என்பதில் அவருக்கு ஓர் அங்குலம்கூட சந்தேகம் இல்லை. தச்சனுக்கு அளவு சொன்னவரே அவர்தான். வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் படுத்து அளந்து பார்த்துத்தான் சொன்னார்.

வண்டியின் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கினார்.

“பாஸ், சப்பாத்து,” என்று காலணியைக் காட்டினான் பட்டறைக்காரன் ஜெயராஜ். “உள்ள வெள்ளைத்துணி லா. கழட்டிட்டு ஏறுங்க.”

தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

“பரவால்ல, இருக்கட்டும்.”

“அது எப்படித் தலைவரே?” காசிவிஸ்வநாதன் குரலில் தேன் வடிந்தது. “நம்ம ஆளுங்க யாரு சப்பாத்தோட போனது? டெஸ்ட்டுன்னா ஒழுங்கா செய்யணும்ல.”

படுக்காவிட்டால் டேங்க் போகும், பதவியும் போகும். படுத்தால் என்ன போகும் என்பதை முத்துக்கருப்பன் அப்போதுதான் யோசித்தார்.

வண்டியின் பின்விளிம்பில் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே சப்பாத்தைக் கழற்றினார். உட்கார்ந்தபடியே பெட்டிக்குள் நகர்ந்து மல்லாந்தார்.

தலைமாட்டில் இரண்டு விரற்கடை மிச்சம். கால்மாட்டிலும் அப்படியே.

“அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு லா,” என்றான் ஜெயராஜ்.

கைதட்டினார்கள். டேங்க் ஜெயித்துவிட்டது.

பிறகு, ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினார்கள்.

டொக், டொக் என்று ஒரு சத்தம். காசிவிஸ்வநாதன் சப்பாத்தைக் கையிலெடுத்து, குதிகாலை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நான்கு அங்குல மரம் எழுப்பும் சத்தம் அது.

“ஜெயராஜ், உன்கிட்ட டேப் இருக்கா?” என்று மெல்லக் கேட்டார்.

“இருக்கு. பாஸ், முடிஞ்சிருச்சு, எந்திரிங்க.”

முத்துக்கருப்பன் எழுந்திருக்கவில்லை. படுத்திருப்பவன் நெட்டையா குட்டையா என்று யாரும் பேசுவதில்லை. எழுந்து நிற்பவனைத்தான் அளக்கிறார்கள்.

“கதவை மூடு,” என்றார். “வண்டியை எடு. ஓட்டிப் பாக்காம எப்படிச் சரின்னு சொல்றது?”

“எது வரைக்கும் பாஸ்?”

“நேரா போ.”

சப்பாத்து பட்டறையிலேயே தங்கிவிட்டது. வண்டி செர்டாங் சந்தியைத் தாண்டியது. லோரிகள் ஒதுங்கி வழிவிட்டன. பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஓர் அம்மாள் கைகூப்பினார். வாழ்நாளில் முதல்முறையாக, எந்த மேடையும் இல்லாமல், முத்துக்கருப்பனுக்கு முழு மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது.

“டேங்க் ஃபுல்லு, பாஸ்,” என்று முன்னாலிருந்து பெருமையோடு சொன்னான் ஜெயராஜ். “இருநூறு கிலோமீட்டர், ஈப்போ வரைக்கும் எங்கயும் நிக்க வேணாம்.”

ஈப்போவில் இறங்கி நிற்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் பெரிய டேங்காகப் போட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, முத்துக்கருப்பன் கைகளை மார்பின்மேல் கோத்துக்கொண்டார்.