பரந்தாமன் கொடுத்த ஆர்டர்

நெமிலிச்சேரியின் பகல் வெயிலில் கேட்டுக் கம்பிகளின் நிழல் வாசல் சிமெண்டில் நீளமாகக் கிடக்கிறது. வெளியே ஒருவன் அட்டைப்பெட்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு நிற்கிறான். "பரந்தாமன் சார் ஊடு இதானேம்மா? முட்டிவலி மெஷினு. உனக்கோசரம் அவருதான் ஆர்டர் குடுத்தாரு. மீதிய குடுத்துட்டு வாங்கிக்கோ." வனஜா தாழ்ப்பாளைப் பிடித்தபடி நிற்கிறாள். புருஷன் செத்துக் காரியம்கூட இன்னும் ஆகவில்லை. "நீ அவர நேர்ல பாத்தியாப்பா?" "இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? போன மாசம் கடைக்கு வந்தாரே. கோட்டு போட்டுகினு, மாப்ள கணக்கா ஜம்முனு!" அவளுக்குப் புரிந்துவிடுகிறது. பரந்தாமன் ஆயுசில் கோட்டு போட்டதில்லை. தெருமுனையில் தொங்கும் கண்ணீர் அஞ்சலி பேனரில்தான், ஸ்டுடியோக்காரர் அவர் தலைக்குக் கீழே ஒரு கறுப்புக் கோட்டை ஒட்டியிருக்கிறார். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறது. ஆட்கள் இருக்கிறார்கள், ஒரு சத்தம் போட்டால் ஓடி வருவார்கள். அவன் பெட்டியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் முகத்தையே பார்க்கிறான். துரு ஏறிய தாழ்ப்பாள் கிறீச்சென்று நகர்கிறது. "உள்ள வந்து உக்காருப்பா," என்கிறாள் வனஜா. "என்னப் பத்தி வேற இன்னா சொன்னாரு?"