மூன்று கால் புலி

"இந்தப் புலி உங்க மவனோட புலி இல்லைங்க, பெரியவரே" என்றார் அமிர்தசாமி.

சேலம் கடைவீதியில் பழைய நாணயம் வாங்கி விற்பவர் அவர். காசைச் சுண்டிப் பார்த்தே அதை அடித்த கிழமையைச் சொல்லிவிடுவார். செவ்வாய்க்கிழமை அடித்த காசென்றால் கையாலும் தொடமாட்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த எடப்பாடிச் சின்னுசாமியின் முகம் செத்துப்போயிற்று. எழுபத்தாறாம் வருஷம் கோபித்துக்கொண்டு போர்வெல் லாரியேறி வடக்கே போன ஒரே மகன், அம்மா ராமாயி கொடுத்த நாற்பத்தேழாம் வருஷத்து ஒரு ரூபாயையும் கொண்டுபோயிருந்தான். அதிலிருந்த புலிக்குப் பின்னங்கால் ஒன்று கிடையாது.

ஆறு வருஷம் கழித்து இப்போது அப்படியொரு காசு வந்திருக்கிறதாம். காசு இன்றைக்கே வந்துவிட்டது. ஆள் நாளைக்குத்தான் வருவானாம்.

"இதுலயும் மூணு காலுதானுங்களே, சாமி?"

அமிர்தசாமி பூதக்கண்ணாடியை நீட்டினார். "மூணு கால் புலி ரெண்டு எங்கிட்டயே இருக்குதுங்க. தேஞ்ச அச்சை மினுக்குறேன்னு காசடிக்கிற டங்கசாலைக்காரன் ரொம்பத் தேச்சுப்புட்டான், அச்சுலயே கால் போயிருச்சு. அச்சுல விழுந்த கீறல் காசுல மேடா நிக்கும். இதுல பாருங்க, பள்ளம். நாலு கால் புலியைப் புடிச்சு எவனோ அரத்தால ஒரு காலை அராவியிருக்கான். அதுவும் கத்துக்குட்டிப் பய."

"அத்தனை மோசமாவா இருக்குதுங்க?" சின்னுசாமி தயங்கினார். "தடவிப் பாத்தாத் தெரிஞ்சுருமுங்களா? ராமாயிக்குக் கண்ணு போயிருச்சுங்க. டாக்டரு நாலு நாளுன்னுட்டாரு. மவன் வந்தா அந்தக் காசைத் தடவிப் பாத்துத்தான் நம்புவேங்கறா."

"வெரலுக்குத் தெரியாதுங்க. எனக்கே கண்ணாடி வேணும்."

"அது போதுமுங்க." காசை வேட்டி மடிப்பில் முடிந்துகொண்டு அவர் எழுந்தார்.

அமிர்தசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏனுங்க, சாகக் கெடக்கிற பொம்பளையை ஏமாத்த வர்றவனைப் போலீசுல புடிச்சுக் குடுக்காம ஊட்டுக்குள்ள உடுவீங்களா? நாளைக்கே உங்க மவன் அசல் காசோட வந்து நின்னா என்ன பண்ணுவீங்க?"

சின்னுசாமி படியிறங்கிச் செருப்பை மாட்டினார்.

"வரமாட்டானுங்க, சாமி. அதை அவன் கையில வெச்சுப் பொதைச்சுட்டு வந்துதானுங்க, இதை அராவுனேன்."